வெயில்ல தோலைக் காப்பாத்துற புரோட்டீனே கேன்சருக்கும் வழி விடுமா?

கத்திரிவெயில்:
எங்கப்பா வேலூர்கிட்ட அணைக்கட்டுன்ற ஊரு பக்கம் முள்ளு கத்திரிக்கா போட்டுக்கினு கீறாரு. சித்திரை வந்தா போதும், பின்கழுத்தும் காது மடலும் செதில் செதிலா உரிஞ்சி வரும், அவரு கண்டுக்கறதே இல்ல. பயோடெக் படிக்கிற தங்கச்சி நேத்து சாப்புட்டுக்கினே சொல்றா, வெயில்ல கெட்டுப்போன தோல் செல்லை பி53ன்னு ஒரு புரோட்டீன்தான் சாவடிக்குதாம், அப்படி சாவடிக்கறதாலயே கேன்சர் செல்லுக்கு எடமும் கெடைக்குதாம். இன்னாடி குழப்பறன்னு கேட்டா எக்ஸாம் கீதுன்னு எழுந்து போயிட்டா. அது நல்லதா கெட்டதா, யாராச்சும் புரியற மாதிரி சொல்லுங்களேன்.

கோரைப்புல்:
தங்கச்சி சொன்னது கரெக்ட்தான் தம்பி, பாதில வுட்டுட்டா அவ்ளோதான். வெயில்ல யுவி-பின்னு ஒரு கதிர் இருக்கு, அது டிஎன்ஏல பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு எழுத்தை ஒண்ணோட ஒண்ணா ஒட்ட வெச்சிடும். உடனே பி53 அந்த செல்லை பெருக வுடாம நிறுத்தும், மொதல்ல ரிப்பேர் ஆவட்டும்னு. தேறாதுன்னு தெரிஞ்சா செத்துப்போன்னு உத்தரவு. இதுவரைக்கும் நல்லதுதான்.

ஆனா பல வருஷ வெயில்ல ஏதோ ஒரு செல்லுல அந்த பி53ஐ செய்யற ஜீனே அடி வாங்கியிருக்கும். அடுத்த தடவ வெயில் கொளுத்தும்போது சுத்தி இருக்கற நல்ல செல்லுங்கதான் உத்தரவைக் கேட்டு சாவும், இது மட்டும் சாவாம நிக்கும். காலியான எடம் இப்போ யாருக்கு? பயிர் கருகின பாத்தில கோரை எப்படி எடம் புடிக்குதுன்னு அப்பாவைக் கேளு, சொல்லுவாரு. 1994ல டக்ளஸ் பிராஷ்னு ஒரு விஞ்ஞானியோட குழு நேச்சர் பத்திரிகையில எழுதினது இதைத்தான், வெயில் மொதல்ல ஜீனைக் கெடுக்குது, அப்புறம் அதே வெயில் அந்தக் கெட்ட செல்லுக்கு எடத்தையும் ஒழிச்சுக் குடுக்குது. என்னைக் கேட்டா பி53 மேல தப்பே இல்ல.

காட்பாடி பாசஞ்சர்:
அப்போ அந்த பி53ஐ நிறுத்தி வெக்கிற மாதிரி ஒரு க்ரீம் போட்டா வேலை முடிஞ்சுது இல்ல? அதுவும் இல்லாம நம்ம கருப்புத் தோலுக்கு இதெல்லாம் வராதுபா, எங்க தாத்தா கடைசி வரைக்கும் சட்டை போடாமதான் ஏர் ஓட்டினாரு.

லேப் அக்கா:
நிறுத்தினா கதை கந்தல். பி53 இல்லாத எலிங்க மேல யுவி அடிச்சா கட்டி இன்னும் சீக்கிரமா வருது. நமக்கு இந்த ஜீன் ஒரே ஜோடி, யானைக்கு சுமார் 20 ஜோடி, அவ்ளோ பெரிய உடம்புக்கு கேன்சர் கம்மியா வர்றதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு 2015ல எழுதினாங்க. காமெடி இன்னான்னா 1979ல பி53ஐ கண்டுபுடிச்சதுலேர்ந்து பத்து வருஷம் இதுதான் கேன்சரை உண்டாக்குதுன்னே நெனச்சுக்கினு இருந்தாங்க, லேப்ல வெச்சிருந்தது அந்த ஜீனோட கெட்டுப்போன நகல்னு 1989லதான் தெளிவாச்சு.

வெயில்ல தோல் கருக்கறதுக்கு உத்தரவு குடுக்கறதும் பி53தான், அது 2007ல தெரிஞ்சுது. அந்தக் கருப்புதான் நம்மளைக் காப்பாத்துது, அதனால நமக்கு வெயில் கேன்சர் ரொம்பக் கம்மிங்கறது நெசம். வரவே வராதுன்னு சொல்லாதீங்க. நம்ம மாதிரி தோல்ல பழைய தீக்காயத் தழும்பு, வருஷக்கணக்கா ஆறாத புண்ணு, அப்புறம் உள்ளங்கால், இங்கல்லாம்தான் முக்கியமா பாக்கணும். வெயிலே படாத உள்ளங்காலை யாரு திருப்பிப் பாக்கறா?

கத்திரிவெயில்:
அக்கா, அப்பா துண்டை வாய்க்கா தண்ணில நனைச்சு தலைல போட்டுக்கினுதான் நெலத்துக்குப் போவாரு, அது போதுமா? சன்ஸ்க்ரீன்னு சொன்னா செருப்பைத் தேடுவாரு. அப்புறம் காதுகிட்ட ஒரு எடம் பொங்கல்லேர்ந்து பொருக்கு தட்டிக்கினே கீது, உழுந்துடும், திரும்ப வரும்.

லேப் அக்கா:
ஈரத்துண்டு சூட்டைத்தான் எறக்கும், யுவியை இல்ல. வெள்ளை காட்டன் நனைஞ்சா இன்னும் அதிகமாவே உள்ள வுடும். காஞ்ச துண்டா, நெருக்கமா நெய்ததா, கலரா எடுத்து காதும் கழுத்தும் மூடற மாதிரி கட்டச் சொல்லு. சூடும் யுவியும் வேற வேற, ஏலகிரில ஜிலுஜிலுன்னு இருந்தாலும் யுவி கீழ இருக்கறத வுட கொஞ்சம் கூடத்தான். நம்மூர்ல சித்திரை மாசம் மதியத்துல சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல நிக்குது, 10 மணிலேர்ந்து 3 மணி வரைக்கும் முடிஞ்சா நெலத்துல எறங்க வேணாம்.

அந்தப் பொருக்கைத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும் நீ. ஒரு மாசம் தாண்டியும் ஆறாதது எதுவா இருந்தாலும் தோல் டாக்டர்கிட்ட காட்டணும். முக்காவாசி பெருசா ஒண்ணும் இருக்காது, சந்தேகம்னா சின்னதா சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. மஞ்சள் அரைச்சுப் பூசிக்கினு நாளைக் கடத்தாதீங்க.

கத்திரிவெயில்:
சரிக்கா, திங்கக்கிழமை கூட்டினு போறேன். அன்னிக்கு காய் பறிப்பு கீதுன்னு இப்பவே ஆரம்பிச்சிட்டாரு.