‘டைவர்ஷன் ரேட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

சேலத்திலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் எனக்குத் திங்கட்கிழமை வகுப்புக்குள் ஒரு சொல் வேண்டும். கலிபோர்னியாவின் 1989ஆம் ஆண்டுச் சட்டம், அங்குள்ள நகரங்களும் கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) தங்கள் குப்பையில் 25 விழுக்காட்டை 1995க்குள்ளும் 50 விழுக்காட்டை 2000க்குள்ளும் புதைகுழிக்குப் போகவிடாமல் செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதை அளக்கும் ‘டைவர்ஷன் ரேட்’ என்பதை நான் ‘திசைதிருப்பல் விகிதம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சென்ற வாரத் தேர்வில் ஒரு மாணவி, ‘குப்பை வண்டிகளை வேறு சாலையில் அனுப்பும் அளவு’ என்று விடை எழுதியிருந்தார். பிழை அவருடையதன்று, நான் கொடுத்த சொல்லுடையது. மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘மறுசுழற்சி வீதம்’ என்றால் பொருள் குறுகிவிடும். ஒரு தெருவில் சேரும் 100 கிலோ குப்பையில் 45 கிலோ உரக்கூடத்துக்கும் 20 கிலோ பழைய இரும்புக் கடைக்கும் மீதி 35 கிலோ குப்பைக் கிடங்குக்கும் போனால், மறுசுழற்சி 20தான். நான் பெயர் தேடுவது அந்த 65க்கு.

மேட்டூரிலிருந்து:

‘மடைமாற்று வீதம்’ என்பதே பொருத்தம், அம்மா. ஒரு பாத்தி நிறைந்ததும் வாயை மண்ணால் அடைத்து அடுத்த பாத்திக்கு வெட்டிவிடும்போது நீர் குறைவதில்லை, அது போய்ச் சேரும் இடம்தான் மாறுகிறது. உங்கள் 65 கிலோவுக்கு நேர்வதும் இதுவே. வேரையும் பாருங்கள்: செவிமடுத்தல், வாய்மடுத்தல் என்பவற்றில் உள்ள ‘மடு’ உள்ளே செலுத்துதலைக் குறிக்கும். நீரை வயலுக்குள் செலுத்துவது மடை. உணவுக்கும் மடை என்றே பெயர் இருந்ததால்தான் கோயில் சமையற்கூடம் மடைப்பள்ளி ஆயிற்று. அடுக்களையில் கழிந்த காய்த்தோல் உரமாகி, நீர் மடை வழியே பயிருக்குச் சேர்ந்து, மறுபடி உணவு மடையாகத் திரும்புகிறது என்றால், இந்த ஒரு சொல்லுக்குள் முழுச் சுழற்சியும் அடங்கிவிடுகிறது.

ஏற்காட்டிலிருந்து:

ஐயாவின் சொல்லாராய்ச்சி நிறைவளிக்கிறது. ஆனால் செய்தித்தாள் படிக்கும் எவரும் ‘மடைமாற்றம்’ என்றதும் ஒரு திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தை வேறொன்றுக்குத் திருப்பியதாகவே எண்ணுவார்கள். நல்ல செயலுக்கு முறைகேட்டின் வாடை வீசும் பெயர் வேண்டாம். இன்னொன்றும் உண்டு. எங்கள் தோட்டத்தில் காப்பிப் பழத்தோலைக் குழியில் மக்க வைத்து, அந்தச் செடிகளுக்கே போடுகிறோம். கிடங்குப் பக்கமே போகாத ஒன்றை எந்த மடையிலிருந்து மாற்றினோம் என்று சொல்வது? ‘கிடங்குத் தவிர்ப்பு வீதம்’ என்று வையுங்கள். வீட்டு வாசலில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கும் தூய்மைப் பணியாளருக்கும் அது கேட்டவுடன் விளங்கும்.

ஆத்தூரிலிருந்து:

கிடங்கு என்பது பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்பதால், குப்பையோடு அதைச் சேர்ப்பதில் எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. பழந்தமிழில் அச்சொல் கோட்டையைச் சூழ்ந்த அகழியைக் குறித்ததை எண்ணியபோது தயக்கம் நீங்கிற்று. திறந்தவெளியில் கொட்டும் மேட்டுக்கும் வெட்டிப் புதைக்கும் குழிக்கும் அது ஒருசேரப் பொருந்தும். குப்பை என்பதும் முன்பு வெறும் குவியல்தான். நெற்குப்பை என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. விகிதத்தை விட்டு வீதத்தைக் கொண்டதும் நன்று. ‘கிடங்குத்’ என்பதில் தகர ஒற்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சேலத்திலிருந்து:

அனைவருக்கும் நன்றி. திங்கட்கிழமைக்குக் ‘கிடங்குத் தவிர்ப்பு வீதம்’ என்றே எழுதிக்கொள்கிறேன். குப்பை உண்டாகாமலே குறைத்ததையும் அந்தச் சட்டம் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டதால், ‘தவிர்ப்பு’ என்ற சொல் அதற்கும் இடம் தருகிறது. ஆனால் 2008இல் அங்கு அளவுமுறையே மாறியது. திருப்பியதைக் கணக்கிடுவது கடினமாக இருந்ததால், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பவுண்டு குப்பை புதைகுழிக்குப் போகிறது என்பதைக் கொண்டு இலக்கை அளக்கத் தொடங்கினார்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘ஆள்வீதப் புதைப்பளவு’ சரிவருமா என்று சொல்லுங்கள்.

மேட்டூரிலிருந்து:

‘ஆள்வீதப் புதைப்பளவு’ எனக்கு உடன்பாடே. முந்தையதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உங்கள் தெருவில் அந்த 45 கிலோவைக் கூடை கூடையாகச் சுமந்து உரக்கூடத்தில் சேர்த்தவர்கள் எதையும் தவிர்க்கவில்லை, அம்மா. அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உங்கள் சொல்லில் அந்த வினை இல்லை.