ஔஷதகிரிப் படியில் கேட்ட அம்மானை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் நான், திருவந்திபுரத்து ஔஷதகிரிக்குப் பலமுறை பேருந்தில் சென்றிருக்கிறேன். கடந்த தை மாதம் ஒரு முகூர்த்த நாளில், இருள் பிரியும் முன்னரே கிளம்பி நடந்தே சென்றேன். வடக்கு நோக்கித் திரும்பிப் பாயும் கெடிலத்தின் கரையை அடைந்தபோது, மலை மண்டபத்திலிருந்து நாதசுரம் கேட்கத் தொடங்கியிருந்தது.

மலை என்று சொன்னாலும் அது சிறு குன்றுதான். 74 படிகள் ஏறினால் ஹயக்ரீவர் சன்னதி வந்துவிடும். இராமாநுசர் நியமித்த 74 சிம்மாசனாதிபதிகளின் (வைணவ ஆசாரியர்களின்) நினைவாக அமைந்த படிகள் என்பர். இவ்வூரைத் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்களால் பாடினார். பின்னர் வந்த வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் இக்குன்றில் அமர்ந்து கருட மந்திரம் செபித்தார் என்பது குருபரம்பரை வழக்கு. இவ்வூர்த் தேவநாதப் பெருமாள்மீது அவர் வடமொழியில் தேவநாயக பஞ்சாசத்தையும், பிராகிருதத்தில் அச்யுத சதகத்தையும், தமிழில் மும்மணிக்கோவையையும் நவமணிமாலையையும் இயற்றினார். ஒரே பெருமாளுக்கு ஒருவரே மூன்று மொழிகளில் பாடிய சிறப்பைக் கடலூர்க்காரர்களாகிய நாமே போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

நவமணிமாலையின் நிறைவுப் பாடலில், தாம் பாடியவற்றைத் தேசிகரே வரிசையாகச் சொல்லும்போது, "பந்து கழல் அம்மானை ஊசல் ஏசல்" என்று ஐந்தைக் குறிப்பிடுகிறார். பெண்கள் பந்தடித்தும், கழற்காய் வீசியும், அம்மானைக் காய்களை எறிந்து பிடித்தும், ஊஞ்சலாடியும், ஒருவரையொருவர் கேலி செய்தும் பாடும் பாட்டுகளின் வகைகள் அவை. அந்த ஐந்தும் நமக்குக் கிடைக்கவில்லை. மும்மணிக்கோவையிலும் பத்துப் பாடல்களே எஞ்சியுள்ளன.

அந்த அடியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே ஏறியபோது, பாதிப் படிகளுக்கு மேல், கல்யாணக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஓரமாக அமர்ந்து, ஒரு மூதாட்டியும் எட்டு வயதிருக்கக்கூடிய அவருடைய பேத்தியும் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். மூதாட்டி ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் தரையிலிருந்த மற்ற நான்கையும் வாரிப் புறங்கையில் ஏந்தினார்; கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரிந்தன. வாய் ஏதோ முணுமுணுத்தது. என்ன பாட்டு அம்மா என்று கேட்டேன்.

"எங்க ஆயா பாடுனது தம்பி. அம்மானைன்னு முடியும். முழுசா வரல" என்றார்.

நான் அருகில் அமர்ந்து, தேசிகரின் அந்த அடியைச் சொன்னேன். அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். ஐந்து பெயர்களையும் விரல் மடக்கி எண்ணிய பிறகு, "ஏசலும் பாடுவோம் தம்பி. மாப்பிள்ளை வீட்டையும் பொண்ணு வீட்டையும் மாத்தி மாத்தி வம்புக்கு இழுப்போம். இப்ப மைக் செட்டு வந்துடுச்சு" என்று மண்டபத்தைக் காட்டினார்.

அவர் முணுமுணுத்தது தேசிகர் வாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று ஏதும் இல்லை. ஆனால், ஏட்டில் தொலைந்துபோனவை என்று மட்டுமே நான் அறிந்திருந்த அந்த வகைகளில் இரண்டு, அதே குன்றின் படியில் ஒருவருடைய வாயில் அரைகுறையாகவேனும் இருந்ததைக் கேட்டபோது, என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை.

நினைவிலிருந்த இரண்டு அடிகளை அவர் பாட, கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். மூன்றாவது அடி தம் தங்கைக்குத் தெரியும் என்றும், அடுத்த முகூர்த்தத்துக்கு அவரையும் அழைத்து வருவதாகவும் கூறிவிட்டு, பண்ருட்டிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று ஐந்து கற்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு பேத்தியோடு இறங்கினார்.