மறு: ரெட்கானுக்குத் தமிழ்ச்சொல் – ‘முன்கதையேற்றம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முன்பே வெளியான கதையின் பொருளைப் பின்னால் வரும் கதை மாற்றிவிடுவதைக் காமிக்ஸ் உலகில் ரெட்கான் (retcon) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை பின்னோக்குத் தொடர்ச்சி, கதைத்திருத்தம், பாடபேதம், இடைச்செருகல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ரெட்கான் என்பதையே எழுதிவிட்டுப் போகலாம் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். சொல்லைத் தேடுவதற்கு முன்னால், அது எந்த வேலையைக் குறிக்கிறது என்பதை ஒரு பாத்திரத்தை வைத்துப் பார்த்துவிடலாம். பேட்மேன் கதைகளில் வரும் வில்லன் ஸ்கேர்குரோவை எடுத்துக்கொள்கிறேன். அவன் கதைகளைத் தொகுப்பாக, வெளிவந்த வரிசையில் படித்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும்.

அவன் முதலில் வந்தது 1941இல், வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட் காமிக்ஸ் 3ஆம் இதழில். பில் ஃபிங்கரும் பாப் கேனும் உருவாக்கிய பாத்திரம். அவனுடைய இயற்பெயர் ஜோனதன் கிரேன். அங்கே அவன் ஓர் உளவியல் பேராசிரியர். பயத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். சம்பளத்தையெல்லாம் புத்தகத்தில் போட்டுவிட்டுக் கந்தலாக வருகிறான் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேலி செய்கிறார்கள். வகுப்பிலேயே துப்பாக்கியால் சுட்டுக் காட்டுகிறான், வேலை போகிறது. வறுமை, பயம் இரண்டுக்கும் ஒரே அடையாளம் வயல்காட்டுப் பொம்மைதான் என்று அந்த வேடத்தைப் போட்டுக்கொள்கிறான். சிறுவயதைப் பற்றி ஒரே தகவல்தான்: பறவைகளை மிரட்டுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். அவ்வளவே.

1943இல் இன்னொரு முறை வந்தான். அப்புறம் 1967 வரை ஆளையே காணோம். பேட்மேன் 189ஆம் இதழில் திரும்பி வந்தபோதுதான் பயத்தை ஊட்டும் அந்த ரசாயனம் அவன் கைக்கு வந்தது.

1995இல் பேட்மேன் ஆண்டு மலர் 19இல் டக் மோன்ச் அவனுடைய இளமையை விரித்து எழுதினார். ஒல்லியான, புத்தகப் பைத்தியமான பையன். வாஷிங்டன் இர்விங் கதையில் வரும் ஒல்லி வாத்தியார் இக்கபாட் கிரேன் மாதிரி இருக்கிறான் என்று பள்ளியில் அவனை வதைக்கிறார்கள். பழிவாங்கக் கிளம்புகிறான்; ஒரு பெண் சாகிறாள், ஒரு பையன் முடமாகிறான். பத்து வருடம் கழித்து, 2005இல், புரூஸ் ஜோன்ஸ் எழுதி ஷான் மர்ஃபி வரைந்த இரண்டு இதழ்க் கதை, பள்ளிக் கொடுமைக்கும் அடியில் அவனுடைய வீட்டைக் கொண்டுவந்து வைத்தது: ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பழைய பண்ணை, கொள்ளுப்பாட்டியின் கொடுமை, பாழடைந்த தேவாலயத்தில் சிறுவன் மேல் பாயும் காகங்கள்.

இப்போது தொகுப்பைத் திருப்பி 1941 கதைக்கு வாருங்கள். அச்சில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் பறவைகளை மிரட்டிச் சிரிக்கும் பையனைப் பார்த்ததும் காகங்கள் நினைவுக்கு வருகின்றன. 1941இல் அது வெறும் குரூரம். 2005ஐப் படித்தவனுக்கு அது பழி. ரெட்கான் செய்கிற வேலை இதுதான்: பழைய பக்கத்தைத் தொடாமல் அதன் பொருளை மாற்றுவது.

> இடைச்செருகல் என்று நமக்கு நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இடைச்செருகலில் மூலப் பிரதிக்குள்ளேயே கை வைக்கிறார்கள். கம்பராமாயணத்தில் வெள்ளிப் பாடல்கள் என்று ஒதுக்கப்பட்டவை கம்பன் பெயரிலேயே உள்ளே நுழைந்தவை. செய்தவர் பெயர் பிரதியில் தெரிவதில்லை. அந்தச் சொல்லிலேயே ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. மோன்ச்சும் ஜோன்ஸும் தங்கள் பெயரைப் போட்டு, தனிப் புத்தகமாக வெளியிட்டார்கள். பதிப்பாளரே அதைக் கதையின் அதிகாரபூர்வமான பகுதி என்றார். இதைச் செருகல் என்பது நியாயமில்லை.

பாடபேதமும் பொருந்தாது. ‘இப்படியும் ஒரு பாடம் உண்டு’ என்று அடிக்குறிப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பாடபேதம். ரெட்கான் அப்படிப் பணிவாகப் பேசுவதில்லை. ‘எப்போதும் இப்படித்தான் இருந்தது, உனக்கு இப்போதுதான் சொல்கிறோம்’ என்கிறது.

பின்னோக்குத் தொடர்ச்சி என்பது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. 1983இல் ஆல்-ஸ்டார் ஸ்குவாட்ரன் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் எழுத்தாளர் ராய் தாமஸ் ‘ரெட்ரோஆக்டிவ் கன்டினியூட்டி’ (retroactive continuity) என்ற அந்த நீண்ட ஆங்கிலத் தொடரை அச்சில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். காமிக்ஸ் வாசகர்கள்தான் பிறகு அதைச் சுருக்கிக்கொண்டார்கள். தமிழில் அந்தத் தொடரைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. கதைத்திருத்தம் என்றால் பிழையைத் திருத்தியதாகத்தான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை: முன்கதையேற்றம்.

ஏற்றம் என்ற பகுதி தண்டியலங்காரத்தின் தற்குறிப்பேற்றத்திலிருந்து வருகிறது. மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. அது இயல்பாக நடப்பது. கோவலனையும் கண்ணகியையும் பார்த்து ‘வாரல்’ என்று அவை கை காட்டியதாக இளங்கோ தன் குறிப்பை அதன் மேல் ஏற்றுகிறார். கொடி ஆடியது மாறவில்லை, பொருள் மாறியது. காமிக்ஸில் இயற்கை நிகழ்ச்சிக்குப் பதில் ஏற்கெனவே அச்சான நிகழ்ச்சி. செயலின் அமைப்பு ஒன்றுதான். வினையாகவும் தடங்கலில்லாமல் வரும்: ‘2005இல் கிரேனுக்குப் புது முன்கதை ஏற்றினார்கள்’, ‘முன்கதை ஏற்றப்பட்ட பாத்திரம்’.

> ‘பின்னேற்றம்’ இன்னும் சுருக்கமாக இருக்குமே?

எனக்கும் முதலில் அது பிடித்தது. ஆனால் முன்னேற்றம் என்ற சொல் நம் காதில் ஊறியிருக்கிறது. பின்னேற்றம் என்றதும் அதற்கு எதிர்ச்சொல் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு எழுத்து கூடினாலும் பரவாயில்லை.

> முன்கதை என்றால் வார இதழில் வரும் முன்கதைச் சுருக்கம்தானே ஞாபகம் வரும்?

வரட்டும். தொடர்கதை வாசகருக்கு ‘இதுவரை நடந்தது’ என்ற பொருளில் அந்தச் சொல் பழகியிருப்பது நமக்கு உதவி. இதுவரை நடந்ததன் மேல்தானே புதிதாக ஏற்றுகிறார்கள்! மூலக்கதை என்றால்தான் குழப்பம். சினிமாப் பெயர்ப் பட்டியலில் அதற்கு வேறு வேலை.

ஒரு வாசகனாக எனக்கு 1941 கிரேனைத்தான் பிடிக்கும். கந்தல் சட்டைக்காகக் கேலி செய்யப்பட்ட ஒரு படித்தவன் கொடியவனாவதற்குக் கொள்ளுப்பாட்டி தேவையில்லை. ஒவ்வொரு முன்கதையும் அவனை இன்னும் கொஞ்சம் பாவப்பட்டவனாக்குகிறது, அவன் தானே எடுத்த முடிவின் கனத்தைக் குறைக்கிறது. மர்ஃபியின் கோடுகள் அழகுதான். கதை அவனை மன்னிக்கப் பார்க்கிறது. ஆனால் இது என் ரசனை. கலைச்சொல்லில் இந்தச் சாய்வு இருக்கக் கூடாது. ஏற்றம் என்பதில் புகழ்ச்சியும் இல்லை, பழியும் இல்லை, அதனாலும்தான் பரிந்துரைக்கிறேன்.

பாத்திரத்தின் பெயருக்கு ஓர் அக்கா வெருளி என்று முன்மொழிந்ததை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஈழத்தில் வயல் பொம்மைக்கு அந்தச் சொல் உண்டு, வெருள் என்ற அடியும் பயம்தான். காரணமில்லாத அச்ச நோய்களுக்கும் சிலர் வெருளி என்று எழுதுகிறார்கள். இந்த ஆளுக்கு அதுவும் பொருத்தமே.

கடைசியாக, 2012இல் கிரெக் ஹர்விட்ஸ் எழுதிய கதை. அதில் தகப்பனே மகனை இருட்டில் அடைத்துப் பயத்தைச் சோதிக்கிறான். அதை இதில் சேர்க்கக் கூடாது என்று வந்த மறுப்பு சரி. 2011இல் பேட்மேன் பதிப்பாளரான டிசி தன் இதழ்களை 1ஆம் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டது. அது ரீபூட் கணக்கு, அதாவது பழையதை விட்டுவிட்டுக் கதையை முதலிலிருந்து தொடங்குவது. அதேபோல 1985-86இல் டிசி தன் கதை உலகத்தையே கலைத்து அடுக்கியதால், 1941க்கும் 1995க்கும் இடையே நடந்ததையும் ரீபூட் என்று வாதிட இடமுண்டு. 1995க்கும் 2005க்கும் இடையே நடந்ததுதான் கலப்பில்லாத எடுத்துக்காட்டு. சொற்பட்டியலில் அதையே கொடுக்கலாம்:

முன்கதையேற்றம் (பெ.): முன்பே வெளியான தொடர்கதையின் அச்சுப் பக்கங்களை மாற்றாமல், புதிய கதை வழியாக அவற்றின் கடந்த காலத்தையும் பொருளையும் மாற்றுதல்.

இந்த விளக்கத்தில் ‘அச்சுப் பக்கங்கள்’ என்பது தொலைக்காட்சித் தொடருக்கு இடிக்கும். மாற்றுத் தொடர் தோன்றினால் எழுதுங்கள். ரீபூட்டுக்கு ‘மறுதொடக்கம்’ கணினித் துறையில் ஏற்கெனவே இருக்கிறது, கதைக்கும் அதுவே போதுமா என்று தனி இழை தொடங்குகிறேன்.