பதினான்காம் லூயியா, ஸ்டாலினா: யார் கையில் அதிக அதிகாரம்?

கேள்வி: பிரான்ஸை ஆண்ட லூயியும் வரம்பற்ற மன்னர்தானே? சோவியத் யூனியனின் தலைவர் ஸ்டாலினிடமிருந்து அப்படி என்ன வித்தியாசம்?

பதில் 1: காகிதத்தில்தான் வரம்பில்லை. நீதிமன்றப் பதவிகளை அரசே காசுக்கு விற்றிருந்தது. பிடிக்காதவரை நீக்கணும்னா போட்ட பணத்தைத் திருப்பித் தரணும், கஜானாவோ காலி. மன்னர் மாகாணங்களுக்கு அனுப்பி, நினைத்தபோது திருப்பி அழைக்கக்கூடிய 'இன்டென்டன்ட்' அதிகாரிகள் சுமார் 30 பேர்தான், ஏறக்குறைய 2 கோடி மக்களுக்கு! குக்கிராமம் வரை கை நீளவே இல்லை.

பதில் 2: ஸ்டாலின் பக்கம் ரகசியப் போலீஸுக்கு வந்த, 1937 ஜூலை 30 தேதியிட்ட 00447 உத்தரவைப் பாருங்க. எத்தனை பேரைப் பிடித்துத் தண்டிக்கணும்னு பிராந்தியவாரியாகக் கோட்டா. முதல் வகைக்குச் சுட்டுக்கொலை, இரண்டாம் வகைக்கு 8 முதல் 10 ஆண்டு முகாம் அல்லது சிறை. தீர்ப்பு மூவர் குழுவிடம். வக்கீலும் கிடையாது, அப்பீலும் கிடையாது. கோட்டா தீர்ந்ததும் உள்ளூர் அதிகாரிகளே கூடுதலாகக் கேட்டு மாஸ்கோவுக்கு எழுதினாங்க. மெத்தனம் காட்டினா அவங்க தலைக்கே ஆபத்து. எந்த மன்னரிடமும் இப்படி ஓர் இயந்திரம் இருந்ததில்லை.

பதில் 3: சரி, ஆனா விவசாயியை நிலத்தோடு கட்டிவைத்த பழைய பண்ணையடிமை வாசனை முழுசாப் போகலை. 1932 டிசம்பரில் நாட்டுக்குள்ளேயே இடம் மாறத் தேவையான உள்நாட்டு பாஸ்போர்ட் வந்தபோது கூட்டுப்பண்ணை விவசாயிகளில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கலை. வெளியூர் வேலைக்குப் போகப் பண்ணைத் தலைவரின் சம்மதம் வேணும். விதி மாறியது 1974-ல். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-லேயே என்பதையும் சேர்த்துப் பாருங்க.