மாமல்லபுரம் ரிசார்ட்: நீச்சல்குளத்தைப் பார்த்து ஹோட்டல் எடுக்கலாமா?

நிழல்குடை
மே மாசம், சனிக்கிழமை போய் திங்கள் திரும்பற மாதிரி, கோவளம்–மாமல்லபுரம் பக்கம். 4 வயசுப் பையன், 8 வயசுப் பொண்ணு, முட்டிவலியோட மாமியார், நாங்க ரெண்டு பேர். பிள்ளைங்க கேக்கறது ஸ்விம்மிங் பூல் மட்டும்தான். ஏறக்குறைய ஒரே வாடகையில மூணு இடம் வருது.

ஒண்ணு, கடலைப் பார்த்த, ஓரம் வழியற இன்ஃபினிட்டி பூல், முழுக்க 4 அடி. ரெண்டு, பழைய ரிசார்ட், 3 அடியில ஆரம்பிச்சு 5 அடிக்குச் சரியற குளம், தனியா பேபி பூல், படத்துல சுமாராத்தான் இருக்கு. மூணு, வில்லாவுக்குள்ளேயே குட்டி பிரைவேட் பூல். எதை எடுக்கலாம்?

சுற்றுலாப்பித்தன்
குளத்தை வெச்சு ஹோட்டல் எடுக்கறதே தப்புங்க. கணக்குப் போடுங்க. சனி ரெண்டு மணிக்கு செக்-இன், திங்கள் பதினொண்ணுக்கு செக்-அவுட், மொத்தம் 45 மணி நேரம். கத்திரி வெயில்ல காலை 10க்கு மேல சாயங்காலம் 4 வரைக்கும் குளத்தோரக் கல்லுல கால் வைக்க முடியாது. பெரும்பாலான இடத்துல ஏழு மணிக்கு குளத்தைப் பூட்டிடுவாங்க. ஆக 12 மணி நேரம்தான் குளம். மீதி 33 மணி நேரம் அறை, ஏசி, சாப்பாடு. மாமியாருக்குத் தரைத்தள அறையா, லிஃப்ட் இருக்கா, அதைக் கேளுங்க முதல்ல.

பம்ப்ரூம்
சகோ, அந்த 33 மணி நேரத்துல தூக்கமும் சேர்த்தி. முழிச்சிருக்கற நேரத்துல குளத்துக்குத்தான் பெரிய பங்கு. தப்பான குளமா போச்சுன்னா 12 மணி நேரமும் பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டே நிக்கணும்.

நிழல்குடை, அழகை விடுங்க, ஆழத்தைப் பாருங்க. 8 வயசுக் குழந்தை சுமார் 125 செ.மீ. இருக்கும். 4 அடி தண்ணின்னா 122 செ.மீ. நின்னா உச்சந்தலைதான் வெளியே தெரியும். அந்த இன்ஃபினிட்டி பூல்ல உங்க பொண்ணு நிக்க ஒரு இடம்கூட இல்ல. 3 அடின்னா 91 செ.மீ., மார்பளவு. நின்னு விளையாடலாம், மூச்சு வாங்கலாம். பையன் ஒரு மீட்டர் உயரம்னு வெச்சாலும் 3 அடித் தண்ணி அவனுக்கு வாய்க்கு மேல. அவனுக்கு ஒண்ணரை அடி பேபி பூல்தான், இடுப்பளவு.

போன்ல கேக்கும்போது 4 அடிங்கறது தண்ணி ஆழமா, சுவர் உயரமான்னு தெளிவாக் கேளுங்க. ஓரத்துச் சுவர்ல சதுரத் துவாரம் வெச்ச ஸ்கிம்மர் குளத்துல தண்ணி மட்டம் சுவருக்கு அரை அடி கீழே நிக்கும். ஓரம் வழியற குளத்துல சுவர் மட்டம்தான் தண்ணி மட்டம். ரெண்டையும் 4 அடின்னே சொல்வாங்க, குழந்தைக்கு அந்த அரை அடி பெரிய வித்தியாசம்.

அப்புறம், 3 அடிப் பகுதி எவ்வளவு நீளம்னும் கேக்கணும். சில இடத்துல படிக்கட்டு ஓரம் ரெண்டு மீட்டர்தான் 3 அடி, அதுக்கப்புறம் சரேல்னு இறங்கிடும்.

கொடிமுல்லை
எல்லாரும் மூணாவதை ஏன் தொடவே இல்ல? பிரைவேட் பூல்னா கூட்டம் இல்ல, நேரக் கட்டுப்பாடு இல்ல, மத்தியானம் நிழல்ல இருந்தா மத்தியானமே இறங்கலாம். முக்கியமா, பொம்பளைங்க பத்துப் பேர் பார்வையில ஈரத் துணியோட நடக்க வேண்டியதில்ல. பொதுக் குளத்துல ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ஒண்ணுக்குப் போற தண்ணியில நம்ம பிள்ளையை இறக்கணுமா?

பம்ப்ரூம்
தோழி, கூச்சம் பத்தி நீங்க சொன்னது முழுக்க நியாயம். ஆனா தண்ணி விஷயத்துல கணக்கு உங்க பக்கம் இல்ல.

வில்லா குளம் பெரும்பாலும் 3 மீட்டருக்கு 2.5 மீட்டர், ஆழம் 1.2. மொத்தம் 9,000 லிட்டர். நாலு பேர் இறங்கினா ஆளுக்கு 2,250 லிட்டர். ரிசார்ட் குளம் 12க்கு 6, சராசரி ஆழம் 1.2ன்னா 86,400 லிட்டர். முப்பது பேர் இருந்தாக்கூட ஆளுக்கு 2,880. தலைக்கு எவ்வளவு தண்ணின்னு பார்த்தா வில்லா குளம்தான் நெரிசல்.

அடுத்தது, நேத்து அதுல குளிச்சவங்க யாரு? 9,000 லிட்டர்ங்கறது ஒரு டேங்கர் லாரித் தண்ணி. ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலையில) பல இடத்துல போர் தண்ணி உப்பு, லாரித் தண்ணியைத்தான் நம்பறாங்க. ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு லாரின்னு யாரும் மாத்த மாட்டாங்க. அதனால ஃபில்டர் நாள் முழுக்க ஓடுதான்னுதான் பார்க்கணும். சின்னக் குளத்துல பெரும்பாலும் சுவர்ல மாட்டற பைப்லெஸ் ஃபில்டர் யூனிட்தான், சத்தம் போடுதுன்னு அதை அணைச்சே வெச்சிருப்பாங்க. காலையில பார்க்க ஸ்படிகம் மாதிரி இருக்கும், நாலு பேர் ஒரு மணி நேரம் ஆடினதும் கலங்கிடும்.

இதைவிடப் பெரிய விஷயம், 4 வயசுப் பையன் தூங்கி எழுந்து கதவைத் திறந்தா நேரா 4 அடித் தண்ணி. குளத்துக்கும் அறைக்கும் நடுவுல தானா மூடிக்கற, எட்டாத உயரத்துல தாழ்ப்பாள் இருக்கற வேலி இல்லேன்னா அந்த வில்லா வேண்டாம். குழந்தை மூழ்கும்போது அலறாது, சத்தமே வராது.

கொடிமுல்லை
வேலி விஷயம் ஒத்துக்கறேன். தண்ணி விஷயம் ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்டு அழுக்கு எங்களுக்குப் பழக்கம், 30 பேர் அழுக்கு பழக்கமில்ல. கிருமின்னு வந்தா ஆள் எண்ணிக்கைதானே முக்கியம்?

பம்ப்ரூம்
குளோரின் சரியா இருந்தா ஈ.கோலி மாதிரிக் கிருமி ஒரு நிமிஷத்துக்குள்ள போயிடும். கிரிப்டோஸ்போரிடியம்னு ஒண்ணு இருக்கு, வயித்துப்போக்கு வந்த குழந்தைகிட்டேர்ந்து தண்ணிக்கு வரும். அது 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) குளோரின்ல ஒரு வாரத்துக்கு மேல தாக்குப்பிடிக்கும். போன வாரம் வந்த குடும்பத்தோடது உங்க ‘பிரைவேட்’ குளத்துலயும் காத்திருக்கலாம். அதனால பொதுக் குளம், தனிக் குளம் எதுவா இருந்தாலும் பிள்ளைங்க தண்ணியை விழுங்காம பார்த்துக்கறதும், வயிறு சரியில்லாத குழந்தையை இறக்காம இருக்கறதும்தான் வழி.

பேபி பூலுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும். கொஞ்சத் தண்ணி, நல்ல சூடு, டயப்பர் பிள்ளைங்க. அதுக்குத் தனி பம்பும் ஃபில்டரும் இருக்கா, பெரிய குளத்தோட சேர்த்து ஓடுதான்னு கேளுங்க. பேபி பூல் தண்ணி ஒரு மணி நேரத்துக்குள்ளயாவது ஒரு தடவை ஃபில்டர் வழியா சுத்தி வரணும். பெரிய குளத்துக்கு ஆறு மணி நேரம் ஓகே.

ரிசப்ஷன்மேசை
ஹோட்டல் தரப்புலேர்ந்து ஒரு வார்த்தை. விருந்தாளிங்க பம்ப் பத்திக் கேக்கறாங்க, தலையில தேங்காய் எண்ணெய் தடவிட்டு நேரா குதிக்கறாங்க. அந்த எண்ணெய் டைல்ஸ்ல தண்ணி மட்டத்துல பழுப்புக் கோடா ஒட்டும், ஃபில்டர் மணல்ல போய்ப் பிசுபிசுன்னு கட்டும், ரிவர்ஸ்ல தண்ணி விட்டு அலசினாலும் முழுசாப் போகாது. காட்டன் சுடிதார், நைட்டி, லுங்கி எதுக்கு வேண்டாம்னு சண்டைக்கு வர்றாங்க. காட்டன் நூல் உதிர்ந்து பம்ப் முன்னாடி இருக்கற ஸ்ட்ரெயினர் கூடையை அடைக்கும், சாயம் போகும், துணியில ஒட்டின சோப்புத்தூள் நுரையா கிளம்பும். நனைஞ்சா கனமாகி நீந்தறவங்களையும் கீழே இழுக்கும். முழுக்கை, முழுக்கால் மூடற லைக்ரா டிரஸ் எல்லா இடத்துலயும் கிடைக்குது. கூச்சத்துக்கு அதுவே போதும், கொடிமுல்லை மேடம், வில்லா எடுக்கணும்னு இல்ல.

உப்புத்தண்ணிக் குளம் வெச்சிருக்கற ஹோட்டலைக் குளோரின் இல்லாத இடம்னு பரிந்துரைக்கறவங்களுக்கும் சொல்லிடறேன். உப்புலேர்ந்து மின்சாரம் வெச்சு குளோரின்தான் தயாராகுது. லிட்டருக்கு 3–4 கிராம் உப்பு, கடல்ல 35 கிராம். கண் எரிச்சல் குறையும், குளோரின் இருக்கத்தான் செய்யும்.

சுற்றுலாப்பித்தன்
பார்த்தீங்களா, நான் சொன்னது இதுதான். பம்ப், மணல், பிபிஎம், இதெல்லாம் வெளியிலேர்ந்து புக் பண்றவன் எப்படிச் சரிபார்ப்பான்? ஹோட்டல்காரர் சொல்றதுதான். சரிபார்க்க முடியாத ஒண்ணை வெச்சு முடிவெடுக்கறதைவிட, கோவளத்துல 2021ல நீலக்கொடி சான்று (சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தர்றது) வாங்கின கடற்கரை இருக்கு, பிள்ளைங்களை அங்கே கூட்டிட்டுப் போங்க.

பம்ப்ரூம்
இந்தக் கரையில நாலு அடி எடுத்து வெச்சா தரை இறங்கிடும், அலை பின்னுக்கு இழுக்கும். 4 வயசுக்கு அது கால் நனைக்கற இடம், குளத்துக்கு மாற்று இல்ல.

சரிபார்க்க முடியாதுங்கறது தப்பு. புக் பண்றதுக்கு முன்னாடியே பாதி தெரிஞ்சுடும். கூகுள் மேப்ல சாட்டிலைட் படத்துக்குப் போய் தூரம் அளக்கற வசதியில குளத்தோட நீளம், அகலம் எடுங்க. வைட் ஆங்கிள் லென்ஸ்ல எட்டு மீட்டர் குளம் ஏரி மாதிரி தெரியும். மேல இருந்து பார்த்தா தப்பிக்க முடியாது. பரப்பை அறை எண்ணிக்கையால வகுங்க. 72 சதுர மீட்டர், 60 அறைன்னா அறைக்கு 1.2. சனி சாயங்காலம் நீந்த முடியாது, நிக்கத்தான் முடியும். என் கணக்குல அறைக்கு 2க்குக் கீழே போனா வார இறுதிக்கு வேண்டாம்.

அதே படத்துல கட்டடம் எந்தப் பக்கம்னும் பாருங்க. ஈசிஆர்ல கடல் கிழக்கே. கட்டடம் குளத்துக்கு மேற்கே இருந்தா, மே மாசம் நாலு மணிக்கு 10 மீட்டர் உயரக் கட்டடத்தோட நிழல் 15 மீட்டர் வரைக்கும் விழும். சாயங்கால நேரம் முழுக்க நிழல்ல போகும். கேரளா வர்க்கலா மாதிரி மேற்குக் கரையில இதுவே தலைகீழ், அங்கே சாயங்காலம் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும்.

போய் இறங்கினதும் பார்க்க வேண்டியது மூணே விஷயம். குளத்தோட ஆழமான மூலையில, தண்ணியை பம்புக்கு உறிஞ்சற துவாரத்து மேல இருக்கற அடிக்கம்பி வலை தெளிவாத் தெரியணும், கம்பியை எண்ணற அளவுக்கு. தெரியலேன்னா யாராவது அடியில கிடந்தாலும் தெரியாது. அது உடையாம, ஸ்க்ரூ கழலாம இருக்கணும். ஒரே ஒரு உறிஞ்சு துவாரம், வலை உடைஞ்சதுன்னா தலைமுடியை, வயித்தை இழுத்துப் பிடிச்சுக்கும். இதுக்காகவே அமெரிக்காவுல 2007ல தனிச் சட்டம் வந்துச்சு. ரெண்டாவது, பக்கச் சுவர்ல தண்ணி உள்ளே வர்ற துவாரத்துல கை வெச்சுப் பாருங்க, வேகமா அடிக்கணும். அடிக்கலேன்னா கரண்ட் மிச்சம் பிடிக்க பம்பை நிறுத்தி வெச்சிருக்காங்க. மூணாவது, மூக்கு. குளோரின் வாடை குப்புன்னு அடிச்சா குளோரின் ஜாஸ்தின்னு நினைக்காதீங்க. வேர்வை, மூத்திரத்தோட சேர்ந்து குளோரமைன் ஆகிப்போச்சு, நல்ல குளோரின் தீர்ந்துபோச்சு.

டெஸ்ட் ஸ்ட்ரிப் சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல டப்பாவே கிடைக்கும். முழங்கை ஆழத்துல நனைச்சு 15 செகண்ட்ல பாருங்க. ஃப்ரீ குளோரின் (இன்னும் தீராத நல்ல குளோரின்) 1 முதல் 3 பிபிஎம், பிஹெச் (தண்ணியோட அமில-காரத் தன்மை) 7.2 முதல் 7.8. பிஹெச் 8 தாண்டினா குளோரின் இருந்தும் கால்வாசிகூட வேலை செய்யாது.

ரிசப்ஷன்மேசை
ஸ்ட்ரிப்போட வர்ற விருந்தாளியைப் பார்த்தா எங்க ஆளுங்க முகம் சுளிப்பாங்க, ஆனா பதில் சொல்லுவாங்க. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன். பூல் ரிஜிஸ்டர்னு ஒரு நோட்டு இருக்கும், காலை மாலை குளோரின், பிஹெச் எழுதறது. அதைக் காட்டச் சொல்லுங்க. ஒரு மாசத்துக்கும் ஒரே பேனாவுல, ஒரே எண்ணா எழுதியிருந்தா ஒரே நாள்ல எழுதினதுதான்.

இன்ஃபினிட்டி பூலை ரொம்பக் குறைச்சுப் பேசாதீங்க. ஓரம் வழியறதால மேல மிதக்கற எண்ணெய், சன்ஸ்க்ரீன் எல்லாம் முதல்ல போயிடும். ஸ்கிம்மர் குளத்துல அது மூலையில தேங்கும்.

பம்ப்ரூம்
பம்ப் ஓடற வரைக்கும் சரி. நின்னா வழியறதும் நிக்கும். அப்புறம் அந்த ஓரத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம். பிள்ளைங்க அதுல தொத்தாம பார்க்க ஒரு ஆள் நிரந்தரமா வேணும். இந்தக் குடும்பத்துக்கு ரெண்டாவதுதான். மாமியாருக்குக் கைப்பிடி வெச்ச அகலப் படிக்கட்டான்னு மட்டும் கேளுங்க, செங்குத்து ஏணின்னா முட்டிவலிக்காரங்க இறங்கிடலாம், ஏற முடியாது.

சுற்றுலாப்பித்தன்
ஏற்காடு மாதிரி மலைக்குப் போனா கத்திரியே இல்ல, நாள் பூரா குளத்துல கிடக்கலாமே?

பம்ப்ரூம்
மலைக் குளத்துல ஹீட்டர் இல்லேன்னா பிள்ளைங்க பத்து நிமிஷத்துல உதடு நீலமா வெளியே வந்துடும். சின்னப் பிள்ளைங்களுக்கு 29–30 டிகிரி வேணும். 86,000 லிட்டரை ஒரு டிகிரி ஏத்தவே 100 யூனிட் வெப்பம் தேவை. காத்துல இருக்கற சூட்டை எடுத்துத் தண்ணிக்குத் தர்ற ஹீட் பம்ப் வெச்சாலும் 25 யூனிட் கரண்ட். பத்து டிகிரி ஏத்தணும்னா 250, ராத்திரி மூடி போடலேன்னா அதுல பெரும்பங்கு ஆவியாப் போகும். அதனால ‘டெம்பரேச்சர் கன்ட்ரோல்டு’ன்னு போட்டிருந்தா இன்னிக்குக் காலையில எத்தனை டிகிரின்னு கேளுங்க. எண் வரலேன்னா ஹீட்டர் ஓடல.

நிழல்குடை
ரெண்டாவதுக்கு போன் போட்டேன். பேபி பூலுக்குத் தனி பம்ப் இருக்காம். 3 அடிப் பகுதி அஞ்சு மீட்டர் நீளம், படிக்கட்டுக்குக் கைப்பிடி உண்டு. ஆனா அந்தச் சனிக்கிழமை ஒரு ஐடி கம்பெனி டே-அவுட், 60 பேர், சாயங்காலம் ஆறு வரைக்கும்னு சொன்னாங்க.

கொடிமுல்லை
அப்போ, அந்தக் குளமும் 12க்கு 6ன்னு வெச்சா, ஆளுக்கு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலதான். இப்பவும் வில்லாதான் சரின்னு சொல்றேன். வேலி இருக்கற வில்லாவா தேடுங்க.

சுற்றுலாப்பித்தன்
வில்லாவும் வேண்டாம், சனியும் வேண்டாம். லீவுதானே, ஞாயிறு மத்தியானம் போய் செவ்வாய் காலை கிளம்புங்க. எதிர்ப்பக்கம் எல்லாரும் திரும்பி வருவாங்க, வாடகையும் இறங்கும். தரைத்தள அறையை இப்பவே எழுதி வாங்கிடுங்க.