குளிர்ல பொக்லைன் ஸ்டார்ட் பண்ண எந்த ஹீட்டர் வாங்கலாம்? பட்டவங்க சொல்லுங்க

பொக்லைன்காரன்:
போன சீசன் லடாக்ல திராஸ் பக்கம் ரோடு வேலை, இருபது டன் வண்டி. ராத்திரி மைனஸ் இருபதுக்குக் கீழ எறங்கிடும்னு கம்பெனில டீசல்ல எரியற ஹீட்டர் மாட்டிக் குடுத்தாங்க, அதான் வண்டி டேங்க்லருந்தே டீசல உறிஞ்சு எரிச்சு கூலன்ட, அதான் இன்ஜினக் குளிர வைக்குற தண்ணிய, சூடாக்கி இன்ஜினுக்குள்ள சுத்த விடுமே, 5 கிலோவாட்டு. ஜென்செட்னு சொல்ற ஜெனரேட்டர் வேணாம், பிளக் வேணாம், பட்டனத் தட்டினா போதும்னு சொல்லித்தான் கடைக்காரர் வித்திருக்காரு. ஆரம்பத்துல சொர்க்கம்தான். அப்புறம் ஒரு நாள் விடியக்காலம் தட்டுறேன், டிக் டிக்னு பம்பு அடிக்குது, பொகக்குழாய்லருந்து வெள்ளப் பொக, அடுத்து கருப்பு, அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. கழட்டிப் பாத்தா பர்னருக்குள்ள வெரல் போகல, அவ்ளோ கரி. கடைக்காரருக்குப் போன் போட்டா அந்தாளு மொதக் கேள்வியே "எவ்ளோ ஒயரத்துல இருக்கீங்க?" 10,800 அடின்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெதுவா "அந்த ஒயரத்துக்கு டீசலக் கொறைக்குற கிட்டு தனியா போடணுமே"ங்குறாரு. இத விக்கும்போதுல்ல கேக்கணும்? இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. இந்த வருசமும் அதே சைட்டு, என்ன வாங்கலாம்னு மொதலாளி என்னயக் கேக்குறாரு. உங்க கதைய எடுத்து விடுங்க.

லே மெக்கானிக்:
உனக்கு ஹீட்டராவது குடுத்தாங்க தம்பி. எங்க சைட்ல மண்ணெண்ணெய் ஸ்டவ்வ சம்புக்கு, அதான் இன்ஜின் ஆயில் தொட்டிக்கு, அடில தள்ளி விடுறதுதான் ஹீட்டர். அப்படித்தான் ஒரு நாள் ஹெல்பர் பையன் ஸ்டவ்வ வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான், ஹைட்ராலிக் ஓஸ்ல கசிஞ்சு நின்ன ஆயில்ல புடிச்சு நீலக் கலர்ல ஒரு கோடு ஓஸ் மேலயே மேல ஏறுது. சத்தமே இல்லாம ஏறுச்சு, அதான் பயம். மண்ண அள்ளிப் போட்டு அமத்துனோம். மண்ணும் ஒறஞ்சு கட்டி கட்டியாத்தான் வந்துச்சு. நீ இன்ஜின் பிளாக்குல எறக்குற கரண்டு ஹீட்டர வாங்கு, வேற பேச்சே வேணாம்.

ஜென்செட் செல்வம்:
கரண்டு ஹீட்டர் வாங்குன்னு ஈசியா சொல்லிட்டீங்களேண்ணே, கரண்ட யாரு குடுக்குறது? எங்களுக்கும் அதத்தான் வாங்கிக் குடுத்தாங்க. காலைல வண்டியச் சூடு பண்ண ஜென்செட் வேணும், ஜென்செட்டு அதுவே வெறச்சுக் கெடக்கு. செல்ஃப் அடிச்சா உர்ர்ன்னு ஒரு தடவ மொனகிட்டு நின்னுடுச்சு. கடைசில வண்டி பேட்டரியக் கழட்டிக் கூடாரத்துக்குள்ள ஸ்டவ் பக்கத்துல வச்சு, அதக் கொண்டு போய் ஜென்செட்ட எழுப்பி, அந்த ஜென்செட்ட வச்சு ஹீட்டரப் போட்டு, அது பிளாக்க சூடாக்குறதுக்குள்ள மூணு மணி நேரம், பொழுதே ஏறிடுச்சு. ராத்திரி பூரா ஜென்செட் ஓடுற கேம்ப்னா மட்டும் பிளக் ஹீட்டர் வாங்கு. இல்லேன்னா டீசல் ஹீட்டர்தான், கிட்டோட.

சேலத்து மெக்கானிக்:
பொக்லைன்காரர் சொன்னதுல பாதிதான் சரி. ஒயரத்துல காத்துல ஆக்ஸிஜன் கம்மி, பம்பு கீழ குடுக்குற அதே டீசலத்தான் அங்கயும் குடுக்கும், முழுசா எரியாம கரியாகும், அது வாஸ்தவம். ஆனா அஞ்சு பத்து நிமிசம் போட்டு ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி ஓட்டினாலும் அடைக்கும். அரை மணி நேரமாவது முழு சூட்டுல விடணும். நீங்க எவ்ளோ நேரம் விட்டீங்கன்னு சொல்லவே இல்லயே?

பொக்லைன்காரன்:
முக்கா மணிக்குக் கொறஞ்சு விட்டதே இல்ல ஜி. விட்டா என் தலைலயே கட்டுவீங்க போல.

மக்மரி ரவி:
தம்பியவை, நான் இஞ்ச கனடாவில, அல்பேர்ட்டா ஃபோர்ட் மக்மரியில லோடர் ஓடுறன். மைனஸ் நாப்பது எண்டால் செல்சியஸோ ஃபாரன்ஹீட்டோ எண்டு கேக்கவே தேவையில்ல, ரெண்டும் ஒண்டுதான். எனக்கு இப்பவும் விளங்காத ஒரு விசயம் சொல்லுறன். டாங்க் மாதிரி வெளியில பூட்டுற கூலன்ட் ஹீட்டர், இரவு முழுக்க பிளக்கில கிடந்தது, காலமை பாத்தால் எஞ்சின் கல்லு. ஹீட்டரில கை வைக்க ஏலாத கொதி, ஒரு சாண் தள்ளி அதே ஓஸைப் பிடிச்சால் சில்லெண்டு கிடக்கு. கல்லடி படுது எண்டு யாரோ அதைக் கழட்டி மேல ஏத்திப் பூட்டியிருக்கினம். பம்ப் இல்லாத ஹீட்டர், சூடான தண்ணி தானா மேல போய்த்தான் சுத்த வேணும், அது பிளாக்கில இருந்து தண்ணி எடுக்கிற இடத்துக்குக் கீழதான் இருக்க வேணும். யார் ஏத்தினது எண்டு இண்டைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. உங்கட வண்டியில கீழ இடம் இல்லையெண்டால் பம்ப் வச்ச மொடல் எடுங்கோ.

இன்னொண்டு, ஹீட்டரை மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. 15டபிள்யூ-40 எஞ்சின் ஒயில் மைனஸ் இருபதுக்குக் கீழ தேன் மாதிரி, குளிரில இளக்கமா இருக்கிற 5டபிள்யூ-40 ஊத்துங்கோ, சம்புக்கு ஒட்டிச் சூடாக்கிற சிலிக்கோன் பாட் ஒண்டு போடுங்கோ, ஆனா சின்ன இடத்தில கூட வாட்ஸ் குடுக்கிற மலிவுச் சாமான் வேண்டாம், ஒயில் அந்த இடத்தில கருகிப் பிடிக்கும். பாட்டரிக்கும் சுத்திற ஹீட்டர் இருக்கு, மைனஸ் இருபதில பாட்டரி பாதிப் பலம்கூடத் தராது. கூலன்டில கிளைக்கோலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும், தண்ணி கலக்காம தனி கிளைக்கோல் ஊத்தினால் இன்னும் நல்லம் எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம், அது மைனஸ் 13லயே உறைஞ்சு போம். கூலன்ட் மாத்தினால் காத்தை வெளியேத்திப் போட்டுத்தான் ஹீட்டரைப் போட வேணும், காத்துக்குள்ள நிண்டால் எலிமென்ட் எரிஞ்சுபோம். இன்டேக்கில, உள்ள போற காத்தைச் சூடாக்கிற கிரிட் ஹீட்டர் இருக்கிற எஞ்சினுக்கு, சட்டெண்டு தீப்பிடிக்கிற ஈதர் ஸ்ப்ரே அடிக்கிறதை நினைச்சும் பாக்காதேங்கோ. கேபிள் நீளமெண்டால் தடிச்ச கேபிளா எடுங்கோ, டைமர் ஒண்டு...

ஜென்செட் செல்வம்:
அண்ணே, தம்பி கேட்டது எந்த ஹீட்டர்னு. நீங்க வண்டியவே புதுசா கட்டச் சொல்றீங்க.

சேலத்து மெக்கானிக்:
கனடான்னதும் ஞாபகம் வருது. எங்க ஓனருக்கு யாரோ அங்கருந்து பழைய பிளாக் ஹீட்டர் ஒண்ணு கொண்டாந்து குடுத்தாங்க, 1,500 வாட்டு. அங்க 120 வோல்ட், நம்ம ஜென்செட் 240. டபுள் வோல்ட்னா டபுள் சூடுதானேன்னு ஓனர் சிரிக்குறாரு. டபுள் இல்லய்யா, நாலு மடங்கு, 6,000 வாட்டுன்னு நான் கத்துறதுக்குள்ள சொருகிட்டாங்க. பிளாக்குக்குள்ள கரகரன்னு ஒரு சத்தம், டப்புன்னு ஒண்ணு, கேம்ப் பூரா இருட்டு. கழட்டினா எலிமென்ட்டு வாயப் பொளந்து கெடக்கு. அதுல நாலு எழுத்து எழுதியிருந்தத ஒருத்தனும் படிக்கல.

லே மெக்கானிக்:
டீசல் என்ன ஊத்துறன்னு யாருமே கேக்கல பாரு. கீழருந்து வர்ற சாதா டீசல் மெழுகாயிடும், ஹீட்டர் பம்புக்கும் அதே டேங்க்தான், உறிஞ்சுறதுக்கு எதுவும் இருக்காது. இந்தியன் ஆயில் 2019ல லடாக்குக்குன்னே வின்டர் டீசல் விட்டாங்க, மைனஸ் 33 வரைக்கும் ஓடும். அத ஊத்துறியா, இல்ல ஜம்முலருந்து பேரல்ல வர்றதா?

பொக்லைன்காரன்:
பாதி அது, பாதி பேரல்தான்ணே, லாரிக்காரன் எத எறக்குறானோ அது. சரி, கேம்ப்ல ராத்திரி ஜென்செட் ஓடுது, அங்க நிக்குற ரெண்டு வண்டிக்கும் பம்பு வச்ச 240 வோல்ட் ஹீட்டர் கேக்கப் போறேன். மேல நிக்குற வண்டிக்கு டீசல் ஹீட்டர்தான். காத்தழுத்தத்தப் பாத்து டீசலத் தானா கொறைக்குற மாடல் இருக்குன்னு வேற கடைல சொல்றாங்க. டேட்டா ஷீட் வாங்கிப் பாத்தேன், 3,000 மீட்டர் வரைக்கும்னு போட்டிருக்கு. நம்ம சைட்டு 3,300 கிட்ட. முந்நூறு மீட்டர்தானே, ஒண்ணும் ஆவாதுங்குறாரு கடைக்காரர். எழுதிக் குடுங்கன்னு கேட்டேன், அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டாரு. யாராச்சும் அந்த ஒயரத்துல அத ஓட்டியிருக்கீங்களா?