கலைச்சொல் தேவை: ‘ஃபெல்ட்’ தொப்பி (வெள்ளிக்குள்!)

மெல்பர்னிலிருந்து, செவ்வாய்

அன்பர்களுக்கு வணக்கம். ஃபெல்ட் (felt, விலங்கு மயிரை அழுத்திச் செய்யும் தடித்த துணி) தொப்பிப் பராமரிப்பு பற்றி நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘உச்சியைக் கிள்ளித் தூக்காதீர்கள், விளிம்பைப் பிடியுங்கள், மேசையில் மல்லாத்தி வையுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு தட்டையாகிவிடும்’ என்பதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. ‘ஃபெல்ட்’டில்தான் மாட்டிக்கொண்டேன். ‘பெல்ட்’ என்று எழுதினால் இடுப்பு வார். ‘கம்பளி’ என்றால் பொய். இங்கே பெயர்பெற்ற அகுப்ரா தொப்பி முயல் மயிரில் செய்வது.

மதுரையிலிருந்து

தம்பி, மொழிமுதலில் ஆய்தமா? குற்றெழுத்துக்கும் வல்லினத்துக்கும் நடுவில்தானே அதற்கு இடம்! ‘நெய்யாத்துணி’ என்று போடுங்கள், முடிந்தது.

கோவையிலிருந்து

முடியவில்லை ஐயா. முகக்கவசத்துக்கான பாலிப்ரொப்பிலீன் விரிப்பைத்தான் வகுப்பில் நெய்யாத்துணி என்று நடத்துகிறேன். ஃபெல்ட் அந்த வகையில் ஒன்று, அவ்வளவுதான். விலங்கு மயிரின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது. கம்பளி சுவெட்டரை வெந்நீரில் வாஷிங் மெஷினில் போட்டு, மகளின் பொம்மைக்கு மாட்டும் அளவில் வெளியே எடுத்தவள் நான். தடித்து, பின்னல் கண்ணே தெரியாமல் கையில் வந்தது ஏறக்குறைய ஃபெல்ட்தான். தலைமயிர் சடைபிடிக்கிற மாதிரி. அதனால் ‘சடைத்துணி’.

மதுரையிலிருந்து

சடை ‘ஜடா’ என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. சிலம்பின் ஊர்காண் காதையில் ‘நூலினும் மயிரினும்’ என்று அறுவை வீதி, அதாவது துணிக்கடைத் தெரு, வருகிறதே, ‘நறுமடி’யும் அங்கேயே கிடக்கிறது. மடி என்றால் துணி. ‘மயிர்மடி’ என்க.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்கள் பக்கம் ‘மாமரம் சடைச்சு நிக்குது’ என்பார்கள், கிளையும் இலையும் அடர்ந்து நிற்கிறது என்று பொருள். அந்த மரம் எந்த முனிவரிடம் போய்ச் சடை வாங்கியது? இளங்கோ சொன்னதோ நெய்த துணி. அதோடு, ‘மயிர்மடித் தொப்பி’ என்று அச்சிட்டால் வாங்க வந்தவர் அடிக்க வருவார். கவரிமாவோடு போயிற்று அந்தச் சொல்லின் மரியாதை.

சென்னையிலிருந்து

முயல் மயிர் என்றதும் நினைவுக்கு வந்தது. முன்பு மயிரை இறுக வைக்கப் பாதரச நைட்ரேட் பூசினார்கள். அமெரிக்காவில் டான்பரி ஊர்த் தொப்பித் தொழிலாளருக்குப் பாதரச நஞ்சால் வந்த கைநடுக்கத்துக்கு ‘டான்பரி நடுக்கம்’ என்றே பெயர். 1941இல்தான் அந்நாட்டில் அந்தப் பூச்சு நின்றது. பாதரசத்துக்கு ‘இதள்’ என்பதை ஏன் யாரும் புழங்குவதில்லை?

கோவையிலிருந்து

இதளுக்குத் தனி விவாத இழை தொடங்குங்கள், கும்பிடுகிறேன். துண்டறிக்கை படிப்பவருக்குப் புரிகிற சொல்தான் இப்போது தேவை.

மதுரையிலிருந்து

புரிவது மட்டும் போதும் என்றால் ஆங்கிலத்திலேயே கொடுத்துவிடலாமே! சொல் பழகினால்தான் புரியும்.

மெல்பர்னிலிருந்து, வெள்ளி

அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்தில் ‘ஃபெல்ட் எனும் சடைத்துணி’, பிறகு வெறும் ஃபெல்ட். ஐயா மன்னிக்க வேண்டும். கடைசிப் பத்தி இது: ‘மழையில் நனைந்தால் நீரை உதறி, உள்ளே இருக்கும் தோல் வியர்வைப்பட்டையை வெளியே மடித்து, அதன்மேல் தொப்பியை நிறுத்தித் தானாகக் காய விடுங்கள். ஹீட்டர் பக்கமும் வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வேண்டாம். பட்டை சுருங்கினால் தொப்பி தலையில் ஏறாது. காய்ந்த பின் மென்மையான பிரஷ்ஷால் மயிர் படிந்திருக்கும் போக்கிலேயே துடையுங்கள்.’ ‘வியர்வைப்பட்டை’க்கு யாரும் சண்டை போடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மதுரையிலிருந்து, சனி

சங்கப் பாட்டில் ‘வியர்’ என்றே இருக்கிறது. ‘வியர்ப்பட்டை’ போதுமே, நடுவில் ‘வை’ எதற்கு?